முப்பத்தொரு அடி

படிவத்தில் அளவை எழுதியது நான்தான். வீட்டுத்தோட்டத்தின் நீளம் முப்பத்தொரு அடி. நாடா பிடித்து இரண்டு தடவை அளந்து, படம் கீறி, என் பெயருக்குப் பக்கத்தில் பட்டத்தையும் போட்டேன். இரண்டு வருடமாக ஒரு வேலையும் வாங்கித் தராத பட்டம், படிவத்திலாவது கிடக்கட்டும் என்ற திமிர்.

சிறந்த வீட்டுத்தோட்டத்துக்குத் தேயிலைக் கம்பனி வைத்த போட்டி. முதல் பரிசு தண்ணீர்த் தாங்கி. நாங்களோ ஊற்று நீர் விழும் பீலியிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றித்தான் வெள்ளரி வளர்த்தோம். முழங்கால் போய் அம்மா கொழுந்து பறிக்கும் வேலையை விட்ட பிறகு, ஹாலிஎல சந்தைக்குப் போகும் அந்தக் காய்தான் எங்கள் சோறு. லயத்து வீடுகளின் நிழல் விழாத கடைசிப் பதினோரு அடியில் பந்தல் போட்டிருந்தோம்.

பரிசு வரவில்லை. நலன்புரி உத்தியோகத்தர் இரகுநாதன் என் படத்தோடு வந்தார்.

"கம்பனிப் படத்தில இருபது அடிதான் கிடக்கு. மிச்சம் தேயிலைக் காணி. திங்கட்கிழமை பந்தலைப் பிடுங்க ஆள் வரும்."

அவர் போன பிறகுதான் அம்மா வாயைத் திறந்தாள்.

"தீவாளிக்கு முந்தி வேலி கட்டுறப்ப ஒரு சாண் தள்ளிக் கட்டுவோம்டி. பதினஞ்சு வருசமா. நம்ம மட்டுமா, பன்னெண்டு வீடும் அப்படித்தான்."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீ படிச்சுக்கிட்டு இருந்த. இது ஒனக்கு எதுக்குன்னு விட்டுட்டேன்."

நான் படித்தது புவியியல். காணி இல்லாத சனம் சாண் சாணாகக் காணி சேர்ப்பதை எந்த விரிவுரையிலும் சொல்லித் தரவில்லை.

பக்கத்து வீட்டு யசோதினி அக்கா வாசலில் நின்று கத்தினாள். "அளக்கத் தெரிஞ்ச பட்டதாரிக்கு வாய மூடிக்கிட்டு இருக்கத் தெரியலயே! இனி எங்க வீட்டுக்கும் கயித்தத் தூக்கிக்கிட்டு வருவானுங்க!"

கயிறு வரவில்லை. மறுநாள் இரகுநாதன் என்னைக் கந்தோரில் தன் மேசைக்குக் கூப்பிட்டார். "பிள்ளை, உங்கட படம் வடிவா இருக்கு. மற்றப் பதினொரு வீட்டையும் நீங்களே அளந்து தாங்கோ. நாட்சம்பளம் போடலாம். வெயிலுக்க என்னால திரியேலாது."

எனக்குக் கிடைத்த முதல் வேலை.

அளந்தேன். யசோதினி அக்கா வீட்டில் முப்பது அடி. நாடாவையே முறைத்துக்கொண்டு நின்றாள். இருபது என்று எழுதினேன். எல்லா வீட்டுக்கும் இருபது. ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வருமென்று இரண்டு வீட்டுக்கு மட்டும் பத்தொன்பது. பட்டத்தை இந்தத் தடவை போடவில்லை. இரகுநாதன் பார்க்காமலே கையெழுத்து வைத்தார்.

"நம்மளதயும் மாத்திர முடியாதா?" என்றாள் அம்மா.

"அது கம்பனிக்குப் போயிருச்சும்மா."

திங்கட்கிழமை விடியுமுன் பிஞ்சைக்கூட விடாமல் பறித்தோம். எட்டு மணிக்குப் பந்தலைச் சாய்த்தார்கள். பூவோடு கொடி மண்ணில் கிடந்தது.

யசோதினி அக்கா வந்தாள். "எங்களுக்கு எத்தன அடி போட்ட?"

"இருபது."

கூடையிலிருந்து நாலு பிஞ்சைப் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டு போனாள்.

தீபாவளிக்கு முந்தின வாரம் அவள் வேலி கட்டினாள். ஒரு சாண் தள்ளி.