நோவாவுக்குப் பக்கத்தில் நின்ற கணக்குப்பிள்ளை

கண்ணாடிக் கடைக்காரருக்குக் கண் தெரியவில்லை என்ற செய்தி தெருவுக்குள் எப்படி நுழைந்தது என்று கேட்டால், சத்தியமாக நான் சொல்லவில்லை என்றுதான் ஒவ்வொருவரும் சொல்வார்கள். நுழைந்தது என்பது மட்டும் நிஜம். வாசிக்கும் கண்ணாடி வாங்க வந்த ஒரு பெரியவர், எழுத்துப் பலகையை விட்டுவிட்டுக் கடைக்காரரின் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. அந்தக் கடைசி வரி உங்களுக்குத் தெரியுதா?"

கடைக்காரர் படித்துக் காட்டினார்.

"பழகின பலகை. மனப்பாடமா இருக்கும்" என்று பெரியவர் எழுந்து போய்விட்டார். அன்று அப்படி எழுந்து போனவர் அவர் ஒருவர் மட்டுமல்ல.

இத்தனைக்கும் காரணம் ஒரு நட்சத்திரம். சரியாகச் சொன்னால் இரண்டு.

முதலாவது நோவா. இருந்த இடம் தெரியாமல் கிடந்த நட்சத்திரம் ஒன்று திடீரென்று பொங்கி, ஊரே அண்ணாந்து பார்க்கும்படி ஜொலித்து, பிறகு மெல்ல மெல்ல அடங்கும். அது எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று அந்தியில் பார்த்துச் சொல்வதற்கு வானம் பார்ப்போர் சங்கம் ஒன்று இருக்கிறது. கடைக்காரர் அதில் உறுப்பினர். நோவாவைவிடக் கொஞ்சம் பிரகாசமாக ஒன்று, கொஞ்சம் மங்கலாக ஒன்று, ஒளி மாறாத இரண்டு நட்சத்திரங்களை எடுத்துக்கொண்டு, நோவா அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று மதிப்பிட வேண்டும். பெண் பார்க்க வந்தவர்கள் காபி ஆறுவதற்குள் செய்து முடிக்கிற வேலைதான். எந்த நட்சத்திரங்களை எடுக்கலாம் என்று சங்கமே ஒரு படத்தில் குறித்துக் கொடுத்திருந்தது.

அங்கேதான் கடைக்காரர் சொந்த மூளையைப் பயன்படுத்தினார்.

படத்தில் குறித்தவை அவருடைய மொட்டை மாடி நாற்காலியிலிருந்து பார்த்தால் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அவற்றைப் பார்ப்பதற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி, பக்கத்து வீட்டுத் துணிக்கொடிக்கு நேராக, பைனாகுலரும் கையுமாக நிற்க வேண்டும். அந்த வீட்டம்மாவின் வாயை அறிந்தவர் யாரும் அங்கே நிற்கத் துணிய மாட்டார்கள். ஆகவே நோவாவை ஒட்டினாற்போல, லேசாகச் சிவந்து, நாற்காலியில் சாய்ந்தபடியே தெரிகிற ஒரு நட்சத்திரத்தை அவரே நியமனம் செய்துகொண்டார். பழைய அட்டவணை ஒன்றில் அதன் ஒளி அளவும் கிடைத்தது. ஏறாமல் இறங்காமல் நேர்மையாக நிற்கும் என்று நம்பி, அதற்குக் கணக்குப்பிள்ளை என்று பெயரும் சூட்டினார்.

நாளாக ஆக, சங்கத்தில் எல்லோரும் நோவா மங்குகிறது, மங்குகிறது என்று எழுத, கடைக்காரர் மட்டும் 'அப்படியே நிற்கிறது' என்று எழுதினார். நேற்றும் கணக்குப்பிள்ளையைவிட ஒரு நூல் கம்மி, இன்றும் ஒரு நூல் கம்மி. சங்கத்தின் வரைபடத்தில் மற்றவர்களின் புள்ளிகள் படியிறங்கிப் போக, இவருடையவை மட்டும் மாடியில் நின்று வேடிக்கை பார்த்தன.

சங்கத்தின் செயலாளர் ஒரு மருந்துக் கடை அம்மா. போனில் மிகவும் பதமாகப் பேசினார்.

"சார், ஒரு தடவை கண்ணை டெஸ்ட் பண்ணிக்கிறீங்களா?"

"அம்மா, ஊருக்கே டெஸ்ட் பண்றவன் நான்."

"அதான் சார் சொல்றேன், வெளில தெரிஞ்சா நல்லாயிருக்காது. ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்குள்ள சரியாகலைன்னா உங்க கணக்கை எல்லாம் எடுத்துடலாம்னு பேசிக்கறாங்க."

வெளியில் தெரிவதற்கான ஏற்பாடு அதற்குள் முடிந்திருந்தது. அதே சங்கத்தில் கடைக்காரரின் சகலையும் இருந்தார். பெயிண்ட் கடை வைத்திருப்பவர்; வெள்ளை கேட்டு வந்தவர்களிடம் எந்த வெள்ளை என்று கேட்டே தலைசுற்ற வைப்பவர். கடையில் ஈயோட்டிய ஒரு பொழுதில், "எங்க சகலைக்குக் கண்ணு கொஞ்சம்…" என்று இழுத்து நிறுத்தியிருக்கிறார். மீதியைத் தெரு பார்த்துக்கொண்டது.

வீட்டிலும் நிம்மதி இல்லை. 'அத்தானைப் பாருங்க' என்பது அவர் மனைவி கல்யாணமான நாள்முதல் பாடிவரும் பாட்டு. அத்தான் வீடு கட்டினார். அத்தான் தொப்பையைக் குறைத்தார். இப்போது அத்தானுக்கு நோவாவும் ஒழுங்காக மங்குகிறது.

"எல்லாருக்கும் மங்குது, உங்களுக்கு மட்டும் ஏங்க மங்க மாட்டேங்குது? அத்தான் சொல்றதையே எழுதிட்டுப் போங்களேன். அது இறங்கி வந்து சண்டையா போடப் போகுது?"

"கண்ணுக்குத் தெரியறதைத்தான் எழுதணும்டி."

"தெரியுதா, அதுதானே இப்ப ஊர்ல பேச்சு."

சனிக்கிழமை இருட்டிக்கொண்டு வரும் நேரத்தில் சகலை ஆறுதல் சொல்ல வந்தார், அதாவது வேடிக்கை பார்க்க. கடைக்காரர் அவரை மாடிக்கு இழுத்துப் போய், தன் நாற்காலியிலேயே உட்கார வைத்து, பைனாகுலரைக் கையில் திணித்தார்.

"அந்தச் சிவப்பைப் பாருங்க. நோவா அதைவிட எவ்வளவு கம்மி?"

சகலை பெயிண்ட் கலக்குகிற முகத்தோடு பார்த்தார். "ஒரு நூல் கம்மி" என்றார். சொன்ன வாயை உடனே மூடிக்கொண்டார்.

"கேட்டுக்கிட்டீங்களா! என் கண்ணு சரி!"

"இருங்க சகலை. உங்க கண்ணு சரின்னா எங்க அத்தனை பேர் கண்ணும் பொட்டையா? படத்துல இருக்கறதை விட்டுட்டு இதை எதுக்குப் புடிச்சீங்க? அதைக் காட்டுங்க முதல்ல."

வேறு வழியில்லை. இருவரும் போய்க் கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்றார்கள். கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டம்மா திரும்பினார்.

"என்னிக்காவது இங்க வந்து நிப்பீங்கன்னு தெரியும். ஜோடியா வருவீங்கன்னு நெனைக்கல."

"நட்சத்திரம் பாக்கறோம்மா."

"என் புடவைக்குப் பின்னாலயா?"

புடவையை உருவி எடுத்துக்கொண்டார். கீழே மட்டும் இறங்கிப் போகவில்லை.

கடைக்காரர் பார்த்தார். படத்திலிருந்த இரண்டு நட்சத்திரங்களுக்கும் நடுவில், சங்கத்தார் சொன்ன அதே இடத்தில், நோவா நன்றாக மங்கிக் கிடந்தது. பைனாகுலரைக் கணக்குப்பிள்ளை பக்கம் திருப்பினார். அட்டவணைப்படி அந்த இரண்டையும் தூக்கிச் சாப்பிட வேண்டியது, அவற்றுக்கு நடுவில் பம்மிக்கொண்டிருந்தது. நோவா இறங்க இறங்க இதுவும் கூடவே இறங்கியிருக்கிறது. ஒரே படிக்கட்டில் சேர்ந்து இறங்குகிறவர்களுக்கு இடையே தூரம் எப்படி மாறும்?

"சகலை, இது நிலையா நிக்கற நட்சத்திரமே இல்ல. தானா ஏறி இறங்கற ரகம்."

"சிவப்பு சீக்கிரம் வெளுக்கும்னு என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!" என்று சகலை சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அன்றிரவு கடைக்காரர் படுக்கையில் புரண்டார். பேசாமல் இருந்தால் கண் போனவர் என்ற பெயர் நிலைக்கும், கடை போகும். உண்மையைச் சொன்னால் சகலை ஆயுசுக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். விடிவதற்குள் கடை ஜெயித்தது.

கூட்டத்தில் எழுந்து, "கண்ணுல கோளாறு இல்லைங்க. கோளாறு நட்சத்திரம் பொறுக்கின புத்தியில" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டினார். கூடம் குலுங்கியது. சகலை முன்வரிசையில் தொடையைத் தட்டிக்கொண்டார். செயலாளரம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"சார், ஒரு நாள் விடாம எழுதியிருக்கீங்கல்ல? நோவா எப்ப எவ்வளவு இருந்துச்சுன்னு எங்க கணக்குல இருக்கு. அது சிவப்பைவிட எவ்வளவு கம்மின்னு உங்க கணக்குல இருக்கு. ரெண்டையும் சேர்த்தா அந்தச் சிவப்பு எப்படி இறங்குச்சுன்னு போட்டுடலாமே? அதை நம்மள்ல யாருமே கவனிக்கல."

கடைக்காரரின் புள்ளிகள் ஒன்றுகூட அழியவில்லை. நோவாவின் பெயரிலிருந்து கணக்குப்பிள்ளையின் பெயருக்கு வீடு மாறின, அவ்வளவுதான். சகலையின் சிரிப்பு மங்கியதை மதிப்பிட ஒப்பிடும் நட்சத்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

மறுநாள் கடை திறக்கும் முன்பே பக்கத்து வீட்டம்மா தெருவுக்குச் செய்தி சொல்லி முடித்திருந்தார். பெரியவர் வந்து எழுத்துப் பலகைக்கு எதிரே சம்மணம் போட்டே உட்கார்ந்துவிட்டார்.

"கண்ணு பிரமாதமாமே தம்பி. புத்திதான் கொஞ்சம் முன்னப்பின்னயாம். பரவாயில்ல, புத்தி எங்க வீட்ல வேண்டிய மட்டும் இருக்கு. நீங்க கண்ணாடியைப் போடுங்க."