கணுக்கால் ஆறும் வரை

கூடைப்பந்து லீகில் கொக்கு என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆட்டத்தால் வந்த பெயர் அல்ல, உயரத்தால் வந்தது. பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பான். யாருக்காவது மூச்சு வாங்கினால் களத்தில் இறக்குவார்கள். ஆனால் தூரத்திலிருந்து பந்தெறிவது மட்டும் அவனுக்குக் கைவந்த கலை.

அன்றைக்கும் அப்படி இறங்கியவன், வந்த வேகத்தில் இரண்டு முறை தூரத்திலிருந்து கூடைக்குள் போட்டுவிட்டான். மூன்றாவது முறை எம்பினான். எதிரணியின் நட்சத்திரம் பாறை ஓடிவந்து, அவன் இறங்க வேண்டிய இடத்தில் தன் பாதத்தை நுழைத்தார். தரையில் நிற்பவன் இடிக்க வருகிறவனைப் பார்த்து விலகலாம். அந்தரத்தில் இருப்பவன் என்ன செய்வான்? கொக்கு அந்தப் பாதத்தின் மேலேயே இறங்கினான். கணுக்கால் மடங்கி, தசைநார் கிழிந்தது.

அதுவரை இந்த மாதிரி ஆட்டத்துக்கு அபராதமும் ஒரு ஆட்டத் தடையும்தான் தண்டனை. பாறைக்கு அபராதமெல்லாம் கொசுக்கடி. தடை விதித்தால் அன்றைக்கு நன்றாகத் தூங்கி எழுந்து, அடுத்த ஆட்டத்துக்குப் புதுத்தெம்போடு வருவார்.

இந்த முறை ஒழுங்குக் குழுவுக்குத் தலைவியாக இருந்தவர் ஒரு முன்னாள் நடுவர். விசிலம்மா என்று கூப்பிடுவார்கள். அவர் குரலுக்கு விசிலே தேவையில்லை என்பது ஆட்டக்காரர்களின் கேலி. லீக் அலுவலகத்தில் ஏசி தண்ணீர் சொட்டும் ஒரு சின்ன அறையில் விசாரணை நடந்தது. பாறை வக்கீலோடு வந்திருந்தார். ஊன்றுகோலோடு வந்த கொக்குவுக்குத் துணை அவன் அக்கா. பேருந்து ஓட்டுநரான அவள், வேலை முடிந்த கையோடு சீருடையிலேயே வந்துவிட்டாள்.

தான் பந்தை மட்டும்தான் பார்த்ததாகப் பாறை சொன்னார். விசிலம்மா வீடியோவை ஓடவிட்டு, ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"பந்து மேல இருக்கு. உங்க கண்ணு கீழ இருக்கு. தரையில என்ன தேடினீங்க?"

வக்கீல் பாறையின் காதில் ஏதோ சொன்னார். குழுவினர் பக்கத்து அறைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள்.

"இவர் என்னைக்குக் களத்துல இறங்குறாரோ, அன்னைக்கு நீங்களும் இறங்கலாம். அதுவரைக்கும் வெளியில இருங்க" என்றார் விசிலம்மா.

வக்கீல் எந்த விதியில் இப்படி இருக்கிறது என்று குதித்தார். தகுந்த தண்டனையைக் குழுவே முடிவு செய்யலாம் என்ற வரியை விசிலம்மா விரல் வைத்துக் காட்டினார். மேல்முறையீடும் எடுபடவில்லை.

அடுத்த வாரம் ஒரு காலையில், கொக்கு தங்கியிருந்த அக்கா வீட்டில் அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்த மாமா அப்படியே சிலையாகிவிட்டார். அக்காவின் கணவரான அவர் அச்சகத்தில் வேலை செய்கிறவர். பாறையின் அணிக்குப் பரம ரசிகர். மைத்துனனுக்குக் கால் போனதைவிடப் பாறைக்கு ஆட்டம் போனதுதான் அவருக்கு வலிக்கிறது என்று அக்கா குத்திக் காட்டாத நாளில்லை. இப்போது அந்தப் பாறையே ஒரு கையில் ஐஸ் பையும் இன்னொரு கையில் ரப்பர் பட்டையுமாக வாசலில் நிற்கிறார்.

"எனக்கும் கணுக்கால் போயிருக்கு, தம்பி. எப்படிச் சீக்கிரம் தேத்தறதுன்னு எனக்குத் தெரியும்" என்றார்.

கொக்குவுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. டாக்டர் சொன்ன பயிற்சியே போதும் என்று சொல்லிப் பார்த்தான். அவர் கேட்டால்தானே. தினமும் அலுவலகத்துக்குப் போகிறவர் மாதிரி வந்துவிடுவார். கீழே போட்ட துண்டைக் கால்விரலால் சுருட்டச் சொல்வார். தலையணை மேல் ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வார். நடுவில் ஓய்ந்தால் திட்டுவார். தன் தலையெழுத்தே அந்தக் கணுக்காலில் எழுதியிருப்பதுபோல அதை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். உண்மையும் அதுதானே!

அக்கா அவரைச் சும்மா விடவில்லை. வந்தவர் சும்மா உட்காரக் கூடாது என்று பட்டாணிக் கூடையை மடியில் வைத்துவிடுவாள். அத்தனை பெரிய கைகளால் அவர் பட்டாணி உரிப்பதைப் பார்க்க மாமாவுக்கு மனசு தாங்காது. தானும் பக்கத்தில் உட்கார்ந்து உரிப்பார். கொக்குவுக்கும் மெல்ல மெல்ல அந்த மனிதரைப் பிடித்துப்போனது. அவருடைய கதைகளைக் கேட்கவே சீக்கிரம் எழுந்துவிடுவான்.

இதற்கிடையில் பாறை இல்லாத அணி தட்டுத்தடுமாறித்தான் அரையிறுதிக்கு வந்தது. அங்கே எதிரில் கொக்குவின் அணி.

அணி டாக்டர் கொக்குவின் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நன்றாக ஆறிவிட்டது என்றார். அவன் துள்ளிக்கொண்டு கோச்சின் அறைக்குப் போனான். கோச் கதவைச் சாத்தினார்.

"இன்னும் கொஞ்ச நாள் வலிக்குதுன்னு சொல்லு. அரையிறுதி முடியட்டும்" என்றார். பிறகு, ஆறுதல் சொல்வதாக நினைத்தோ என்னவோ, தோளில் தட்டினார். "நீ ஆடறதைவிட ஆடாம இருக்கறதுதான் டீமுக்கு லாபம்."

கொக்குவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சம்பளம் கொடுக்கிற அணி. பாறையின் முன்னால் நொண்டத் தொடங்கினான். அவரோ பதறிப்போய், தான் சொல்லிக்கொடுத்ததில்தான் ஏதோ தப்பு என்று நினைத்து, இன்னும் அதிக நேரம் இருந்து கால் பிடித்துவிட்டார். கொக்குவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒருநாள் காலை மாடிக் கொடியில் காய்ந்த அக்காவின் சீருடைச் சட்டை காற்றில் பறந்து, படிக்கட்டின் மேற்கூரை விளிம்பில் சிக்கிக்கொண்டது. வேலைக்கு நேரமாகிவிட்டதென்று அக்கா கீழே கத்திக்கொண்டிருந்தாள். கொக்கு யோசிக்கவே இல்லை. ஒரே எம்பு, சட்டையைப் பிடுங்கிக்கொண்டு அடிபட்ட காலிலேயே இறங்கினான். திரும்பினால் ஐஸ் பையோடு பாறை நிற்கிறார்.

அவர் பையை மெதுவாகக் கைப்பிடிச் சுவரில் வைத்தார். "நல்லா இறங்குற" என்றார்.

கொக்கு ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தான். அவரோ வயிறு குலுங்கச் சிரித்தார்.

"உங்க கோச் செய்யறதும் நான் செஞ்சதும் ஒண்ணுதான், தம்பி. ரெண்டு பேருமே உன் காலை வெச்சுத்தான் ஆடுறோம்."

இத்தனை நாள் கேட்காததைக் கொக்கு அப்போது கேட்டான். "அன்னைக்கு நிஜமா எதைப் பார்த்தீங்கண்ணே?"

சிரிப்பு நின்றது. "உன் காலை. மூணாவதும் போட்டுடுவியோன்னு இருந்துச்சு. நீ விழுவேன்னு தெரியும். விழுந்தா என்ன ஆகும்னு யோசிக்கல. பட்டாணி உரிக்கறப்பதான் யோசிச்சேன்." ஐஸ் பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "தப்புதான், தம்பி" என்றார்.

அன்றைக்கே கொக்கு அக்காவின் பேருந்தில் ஏறி லீக் அலுவலகத்துக்குப் போனான். கால் ஆறிவிட்டதையும் கோச் சொன்னதையும் விசிலம்மாவிடம் சொன்னான். இந்தத் தண்டனை நல்லதுதான் என்றும், ஆனால் அதன் சாவி அடிபட்டவனின் அணியிடம் இருந்தால் அவன் ஆயுசுக்கும் நொண்ட வேண்டியதுதான் என்றும் சொன்னான்.

"ஓட்டை இருக்கும்னு நினைச்சேன். உங்க கோச் இவ்வளவு சீக்கிரம் அதுல தலையை விடுவார்னு நினைக்கல" என்றார் விசிலம்மா.

குழு கூடி விதியைத் திருத்தியது. காலைப் பார்க்க இனி லீக்கே டாக்டரை அனுப்பும்; எந்த அணிக்கும் அதில் பேச்சில்லை. அடிபட்டவர் திரும்பவே முடியாமல் போனாலும், அடித்தவர் அதிகபட்சம் ஒரு முழு சீசன் வெளியில் இருந்தால் போதும். ஆறிய காலை ஆறவில்லை என்று சொல்ல வைக்கும் கோச் அரங்கில் ரசிகர்களோடு உட்கார்ந்து ஆட்டம் பார்க்க வேண்டும்.

அரையிறுதியில் அப்படி முதலில் உட்கார்ந்தவர் கொக்குவின் கோச்தான். அவருக்குப் பதிலாக வந்த உதவிக் கோச், முதல் பாதியிலேயே கொக்குவை இறக்கிவிட்டார். பாறைதான் அவனைத் தடுத்தார். முட்டினார், மறித்தார், கையை நீட்டி மறைத்தார். ஆனால் அவன் எம்பும்போதெல்லாம் அவர் பாதங்கள் பின்வாங்கிக்கொண்டன. கொக்கு வாழ்க்கையிலேயே அதிக நேரம் ஆடிய ஆட்டம் அது. சில பந்துகள் விழுந்தன, சில விழவில்லை. கடைசியில் பாறையின் அணி மயிரிழையில் ஜெயித்தது. அக்காவின் உத்தரவுப்படி கொக்குவின் அணிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த மாமா, தன்னை மறந்து எழுந்து கைதட்டிவிட்டார். அக்கா பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

கோச் அதன்பிறகு கொக்குவை எடுக்கவில்லை. அரையிறுதியைப் பார்த்த வேறொரு அணி எடுத்துக்கொண்டது. அங்கே அவனுக்குப் பெஞ்சு அவ்வளவாகப் பழக்கமாகவில்லை.

அடுத்த சீசனில் முரட்டு ஆட்டக்காரர் ஒருவர் முழங்கையை வீசி, இன்னொருவரின் தாடையைப் பெயர்த்துவிட்டார். லீக் டாக்டர் கம்பி போட்டுக் கட்டி, சூப்பு மட்டும்தான் என்று சொல்லிவிட்டார். கொக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தபோது, அந்த முரடர் கட்டிலோரம் உட்கார்ந்து, கிண்ணத்தில் இருந்ததை ஊதி ஊதி ஆற்றிக்கொண்டிருந்தார். உப்புக் குறைவு என்று நோயாளி கையால் ஜாடை காட்டினார். முரடர் எழுந்து போய் உப்பு வாங்கி வந்தார்.