மூடியைத் திறந்தவன் முகம்

"நான் மூஞ்சியைச் சுளிச்சேனேக்கா. நீதான் பார்க்கலை."

"பார்த்துக்கிட்டேதான்டா இருந்தேன். நீ சுளிக்கவே இல்லை."

தம்பி தன் டேங்கர் லாரியின் படியில் உட்கார்ந்திருந்தான். பால் பண்ணையின் பின்வாசலில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. அவன் காலையில் கொண்டுவந்த பால் புளித்திருந்தது. அது கலந்து கெட்டுப்போன ஒரு தொட்டிப் பாலையும் உள்ளே சாக்கடையில் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பாலை இறக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவள் நான். ஓட்டுநர் டேங்கரின் மூடியைத் திறப்பார். நான் குனிந்து முகர்ந்து பார்த்து, இறக்கலாமா திருப்பலாமா என்று சொல்வேன். பதினெட்டு வருட வேலை. எட்டு மாதமாக எனக்கு எந்த வாசனையும் தெரியவில்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை. முகர்வது போலக் குனிந்து, மூடியைத் திறந்தவர் முகத்தை ஓரக்கண்ணால் பார்ப்பேன். மூக்கு சுருங்கினால் வண்டி திரும்பும். இன்று காலை வரை தப்பியதில்லை.

வேலைக்காக மட்டும் மறைக்கவில்லை. அப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. சாப்பாட்டில் வாசமே இல்லை என்று அம்மாவிடம் சண்டை பிடித்தார். ஆறு வருடம் கழித்துத்தான் கை நடுங்கியது. பார்க்கின்சன் என்றார் டாக்டர். வாசனை போகிற எல்லோருக்கும் அது வராது, சளியில்கூடப் போகும் என்றார். ஆனால் சிலருக்குக் கை நடுங்குவதற்குப் பல வருடம் முன்பே, மூளையில் வாசனையை அறியும் இடத்தில் அது வந்து உட்கார்ந்துவிடும் என்றும் சொன்னார். நான் இரண்டாவதை மட்டும் பிடித்துக்கொண்டேன். தினமும் கண் விழித்ததும் சோப்பை முகர்வேன். பிறகு விரல்களை நீட்டி வைத்துக்கொண்டு நூறு வரை எண்ணுவேன்.

இதையெல்லாம் இன்றைக்குத்தான் தம்பியிடம் சொன்னேன். மாலைக்குள் மேனேஜருக்கு விளக்கம் எழுதித் தரவேண்டும். என்ன எழுதுவது என்று கேட்டேன்.

"உனக்கென்ன பைத்தியமாக்கா? என் மூஞ்சியை நம்பியா கையெழுத்துப் போட்டே? கல்யாணத்துக்குப் பொண்ணு வீட்டுக்காரங்களே நம்பலை."

மூடியைத் திறந்ததும் அவனுக்குக் குடலைப் புரட்டியதாம். அக்காவின் மூக்குக்குத் தெரியாததா என்று பேசாமல் இருந்தானாம். அடுத்த முறை வாந்தியே எடுத்துக் காட்டுவதாகச் சொன்னான்.

குரலில் கேலி இருந்தது. முகத்தில் இல்லை.

எப்போதும் ஈயென்று இளித்துக்கொண்டிருப்பதால் பண்ணையில் இவனுக்குப் பல்லன் என்று பெயர். கடைசியாக இவன் பல்லை நான் எப்போது பார்த்தேன்? கண்ணைச் சிமிட்டுகிறானா என்று கவனித்தேன். வெகுநேரம் கழித்து ஒருமுறை சிமிட்டினான். அப்பா சும்மா உட்கார்ந்திருக்கும்போதே, "உங்கப்பாவுக்கு என் மேல என்ன கோவம்?" என்று அம்மா என்னிடம் வந்து கேட்பாள். அப்பாவுக்குக் கோபமே இருக்காது. கை நடுங்கும் முன்பே அந்த நோய் அவர் முகத்தை அசையாமல் ஆக்கியிருந்தது.

எட்டு மாதமாக என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"என்னக்கா, பேயைப் பார்த்த மாதிரி பார்க்கிறே?"

நான் அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

"பல்லா, எனக்காக ஒரு தடவை சிரிடா."