தட்டில் கொழுத்தது

ஈரச் சாக்கில் சுற்றி அண்ணன் கொண்டுவந்த பட்டாணிச் செடிகளை அவள் ஆய்வகத் தொட்டியில் போட்டு அலசினாள். மண் கரைந்ததும் வேர்கள் மொட்டையாக நின்றன. இருபது செடியிலும் ஒரு முடிச்சுகூட இல்லை. இலையெல்லாம் மஞ்சள்.

அவள் அங்கே டெக்னீஷியன். ‘பதினேழு’ என்று அவர்கள் கூப்பிடும் பாக்டீரியாவை மூன்று வருடமாக வளர்த்துப் பொட்டலம் போடுகிறவள். விதையோடு கலந்து விதைத்தால் அது வேரில் முடிச்சு கட்டி, காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு ஊட்டும், யூரியாவே வேண்டாம். அப்படித்தான் பொட்டலத்தில் அச்சடித்திருந்தது. பட்டாணியே கண்டிராத நிலங்களில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் அதை நம்பி விதைத்திருந்தார்கள். அண்ணனை நம்பவைத்தது அவளேதான்.

ஆய்வகத் தலைவர் கதவருகே நின்றபடி வேரை எட்டிப் பார்த்தார். பொட்டலத்தை வெயிலில் வைத்திருப்பீர்கள், பாக்டீரியா செத்திருக்கும் என்று வாய் கூசாமல் சொன்னார். அண்ணன் தலையைச் சொறிந்தார். ஒருநாள் வண்டியிலேயே கிடந்தது உண்மைதான் என்றார். படியிறங்கும்போது தங்கையிடம் மெதுவாகச் சொன்னார், “தப்பு என்னோடதுதாம்மா. உன் பேரையும் கெடுத்துட்டேன்.”

அண்ணன் ஏன் மன்னிப்பு கேட்க வேண்டும்? ஒரு பொட்டலம் வெயிலில் கிடந்தது சரி, மேசையிலிருந்த புகார்க் கடிதங்களை எழுதிய மற்ற ஒன்பது பேரின் பொட்டலங்களுமா வெயிலில் கிடந்தன?

மறுநாள் காலையில் இரண்டு குழாய்களை எடுத்துக்கொண்டாள். ஒன்று இப்போது பொட்டலத்துக்குப் போகும் பதினேழு. இன்னொன்று, மூன்று வருடத்துக்கு முன்பு உறைபெட்டியின் அடியில் போட்டுவைத்த பழைய பதினேழு. இரண்டிலும் முடிச்சு கட்டும் மரபணு இருக்கிறதா என்று சோதித்தாள். மரபணு இருந்தால் ஜெல் தகட்டில் ஒரு பட்டை விழும்; பழையதற்கு அது பளிச்சென்று தெரிந்தது. புதியதற்கு ஒன்றுமே இல்லை. மூன்று தடவை செய்தும் அதே வெறுமை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. முடிச்சு கட்டுகிற, நைட்ரஜன் பிடிக்கிற மரபணுக்கள் பதினேழுக்கு ஒரு தனி டி.என்.ஏ. வளையத்தில் இருக்கின்றன. வேரில் வாழும்போதுதான் அந்த வளையத்துக்கு வேலை. கண்ணாடித் தட்டில் சொகுசாகத் தின்று வளரும்போது அது வெட்டிச் சுமை. பெருகும்போது ஒன்றிரண்டு அதைத் தொலைத்துவிடும். மூட்டையை இறக்கிவைத்தவன் வேகமாகத்தானே நடப்பான்? தொலைத்தவை கொழுகொழுவென்று பெரிய புள்ளியாக வளரும். அதனால்தான் மூன்று மாதத்துக்கு ஒருமுறை செடியில் விட்டு, முடிச்சைப் பிளந்து, உள்ளிருந்து திரும்ப எடுக்க வேண்டும் என்று முன்பு ஒரு வழக்கம் இருந்தது. ஆறு வாரம் வீணாகிறது என்று தலைவர் அதை நிறுத்தினார். தட்டிலிருந்து தட்டுக்கு மாற்று, நன்றாக வளர்ந்த புள்ளியாகப் பார்த்து எடு என்றார். பத்து நாளைக்கு ஒருமுறை, பார்த்துப் பார்த்து, வேலையை மறந்ததையே பொறுக்கியிருக்கிறார்கள்.

ஜெல் படத்தைத் தலைவர் மேசையில் வைத்தாள். அவர் நெடுநேரம் பார்த்தார். பொய் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அவள் கோபம் கொஞ்சம் ஆறியிருக்கும். உறைபெட்டியில் இருப்பதை எடுத்துச் சத்தமில்லாமல் மாற்றிவிடு என்றார். விதைத்தவர்கள் கதி என்ன என்று கேட்டாள்.

“அடுத்த மாசம் மதிப்பீட்டுக் குழு வருது. அதுவரைக்கும் வெயில்ல வெச்சதுன்னே இருக்கட்டும்.”

“இந்த வாரம் யூரியா போட்டா பயிர் பொழைக்கும் சார். அடுத்த மாசம் என்னத்தைப் போடுறது?”

பதிலுக்கு அவர் ஒரு தாளை நகர்த்தினார். விவசாயிகள் பொட்டலத்தைச் சரியாகப் பாதுகாக்கவில்லை என்று அதில் தட்டச்சடித்திருந்தது. கீழே அவள் கையெழுத்துக்கு இடம். என்ன நெஞ்சழுத்தம். ஊரையே ஏமாற்றிவிட்டு ஏமாந்தவன் தலையிலேயே பழியைக் கட்டுவதா? அதற்கு இவள் கையெழுத்து வேறு கேடா? தாளை அங்கேயே விட்டுவிட்டுத் தன் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

பொட்டலம் வாங்கியவர்களின் தொலைபேசிப் பட்டியல் அவள் கைப்பட எழுதியது. முதல் எண் அண்ணனுடையது. வெயிலும் இல்லை வண்டியும் இல்லை, நாங்கள் கொடுத்ததே உதவாதது, நாளைக்கே யூரியா போடுங்கள் என்று ஒரே மூச்சில் சொன்னாள். வளையம் தொலைந்த கதையையும் சொன்னாள். அண்ணன் பொறுமையாகக் கேட்டார்.

“அந்தக் கொழுத்ததையே பார்த்துப் பார்த்து எடுத்தது யாரும்மா?”

தலைவர் சொன்னார் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அது உண்மையும்கூட. ஆனால் கம்பியைத் தீயில் காட்டி, ஆறவைத்து, புள்ளியைத் தொட்டு எடுத்த விரல் எதிரே மேசைமேல் இருந்தது.

“நான்தாண்ணா. மூணு வருஷமா.”

திட்டினால் திட்டட்டும் என்று காத்திருந்தாள்.

“சரி, போனை வை,” என்றார் அண்ணன். “மத்தவங்களுக்குச் சொல்லு மொதல்ல.”

அவள் இரண்டாவது எண்ணை அழுத்தினாள்.