ஓட்டை விழாத கீரை

வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் ராஜையாவுக்குத் தலைகால் புரியாது. கோவளத்து ஹோட்டல் ஒன்றில் சமையல் பொறுப்பில் இருந்த ஜப்பான்காரி யோஷிகோ திங்கட்கிழமை தோட்டத்தைப் பார்க்க வருகிறாள் என்றதும் சுவருக்கு வெள்ளையடித்தான், முற்றத்துப் புல்லைச் செதுக்கினான், நாற்காலி இரவல் வாங்கினான். அதோடு நிறுத்தியிருந்தால் அவன் மனைவி ஜெயபாய்க்கு இந்தக் கதி வந்திருக்காது.

மலையாள எல்லையோரத்து அமரவிளையில் அவர்களுக்கு இருந்தது இருபது சென்ட். ரசாயன உரம், பூச்சிமருந்து எதுவும் மூன்று வருஷம் படாமல் இருந்தால் விளைவதெல்லாம் ஹோட்டலுக்கே நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வதாக 1994-ல் விதை தந்தபோது யோஷிகோ சொல்லியிருந்தாள். கை நீளத்துக்கு இறங்கும் வெள்ளை முள்ளங்கி, பச்சையாகவே தின்னும் ஒரு கடுகுக்கீரை. ஜெயபாய் விடியும்போதே இலை இலையாகப் புரட்டிப் புழுவைச் சிரட்டையில் பொறுக்கிவிட்டு, அண்டியாபீசுக்கு முந்திரி உடைக்க ஓடுவாள். முந்திரி எண்ணெய் பட்டு விரலெல்லாம் கரிந்து தோல் உரிந்து கிடக்கும். மூன்று வருஷமும் முடிந்து வரும் இந்தத் திங்கட்கிழமை தேறிவிட்டால் அந்த வேலைக்கு ஒரு கும்பிடு.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளறடையில் அக்கா வீட்டு விசேஷம். போகவா வேண்டாமா என்று நின்றவளை ராஜையாதான் அனுப்பினான்.

"புழுவை நான் பாத்துக்கிடுதேன். நீ போயிட்டு வா."

மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கியவள், ஜங்ஷனில் காருடன் காத்திருந்த யோஷிகோவை நேரே தோட்டத்துக்குக் கூட்டிவந்தாள்.

"கொள்ளாம், கொள்ளாம்" என்றாள் யோஷிகோ. நன்றாயிருக்கிறது என்று சொல்ல, அவளுக்குத் தெரிந்த நாலைந்து மலையாள வார்த்தைகளில் அது ஒன்று. ஜெயபாயோ குனிந்து இலையைப் புரட்டிப் பார்த்தாள். சனிக்கிழமை சல்லடையாகக் கிடந்த கீரையில் இப்போது ஒரு ஓட்டை இல்லை.

"எலைக்கு என்ன செய்தீங்க?"

ராஜையா பெருமையாகச் சிரித்தான். "ஓட்டை எலையை எல்லாம் நுள்ளிக் களஞ்சேன். பொறவு முன்ன வாழைக்கு வாங்கி வச்சிருந்த மருந்தை ஒருக்கா அடிச்சு விட்டேன். வந்தவ பாக்கும்போ புழு நெளிஞ்சா நமக்கல்லியா நாணக்கேடு?"

யோஷிகோவுக்கு இது ஒன்றும் விளங்கவில்லை. ஒரு கீரையைக் கிள்ளி வாய்க்குக் கொண்டுபோனாள்.

சும்மா நின்றிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஜெயபாய் பாய்ந்து அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "வெஷம்! வெஷமாக்கும்!" ஓடிப்போய் மருந்துக் குப்பியை எடுத்துவந்து காட்டினாள்.

யோஷிகோ குப்பியில் எழுதியிருந்ததைப் படித்தாள். கோபப்படவில்லை. ஜெயபாயின் முன்னால் இடுப்பு வளையக் குனிந்து வணங்கிவிட்டு, மூன்று விரலை உயர்த்தினாள். "இனியும் மூணு கொல்லம்." முதலிலிருந்து மறுபடியும் மூன்று வருஷம்.

கார் போனதும் ராஜையா கத்தினான். "வாயைப் பொத்திட்டு நின்னா போராதா, ஏட்டி? ஒரு எலை தின்னா அவ செத்தா போவா?"

ஜெயபாய் ஒரு பிடி கீரையைப் பறித்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அப்பம் நீங்க தின்னுங்க. நான் பாக்கட்டு."

ராஜையா இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான்.