அண்டா மேல் விழுந்த பழி

அண்டாவில் தண்ணீர் தளதளவென்று கொதித்தது. கொளஞ்சியம்மாள் தண்ணீர்விட்டான் கிழங்கை ஒரு முறம் அள்ளிக் கொட்டி, நீளக் கரண்டியால் புரட்டினாள். அதிகம் வெந்தால் கிழங்கு குழைந்துவிடும். குறைந்தால் தோல் உரியாது. பதம் கண்டு அவள் கூடையில் வாரிப்போட, சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் சுடச்சுடத் தோலை உரித்து, நடு நரம்பை உருவிப் பாயில் பரப்பினார்கள். கல்வராயன் மலையடியில் செல்லமுத்துவின் களத்தில் இந்த வேலைக்கு எட்டுப் பெண்கள். பதம் பார்க்க அவள் ஒருத்திதான்.

"இன்னாக்கா இது, கட்டை கட்டையா இருக்குது?" அம்சவள்ளி ஒரு கிழங்கைத் தூக்கிக் காட்டினாள். விரல் நீளம்கூட இல்லை. நுனி கருகிய திரி போலப் பழுப்பாக இருந்தது.

"மேட்டுக் காட்டுக் கெழங்குடி. ரெண்டு வருசமா இப்பிடித்தான் வருது. பள்ளக் காட்டுதுன்னா முழ நீளம் இருக்கும்."

கம்பெனி ஆள் பிரவீன்குமாரின் பைக் அப்போதுதான் களத்துக்குள் வந்தது. நாற்று, உரம், கொள்முதல் எல்லாம் அந்த மருந்துக் கம்பெனியோடு ஒப்பந்தம். அவன் கையில் ஒரு தாள். பின்னாலேயே செல்லமுத்து ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"போன வாரம் போன மேட்டுக் காட்டு லோடு திரும்பி வந்துடுச்சி. கெழங்குல அலுமினியம் ஜாஸ்தியாம். மருந்துக்கு ஆவாதுன்னு டெஸ்டுல எழுதிட்டாங்க" என்றான் பிரவீன்குமார்.

எல்லார் கண்ணும் ஒரே இடத்துக்குப் போனது. அடுப்பின் மேல், புகையேறிய பெரிய அலுமினிய அண்டா.

"யாரோடது இது?"

"என்னுதுதான் சார்."

கம்பெனி கொடுத்த எவர்சில்வர் பாத்திரம் ஓட்டையானபோது, வேலை நின்றுவிடக் கூடாதே என்று வீட்டிலிருந்து தலையில் சுமந்து வந்தவள் அவள். அன்று "நல்லகாலம், நீ இருந்த" என்ற செல்லமுத்து, இன்று தரையைப் பார்த்தார்.

"சார், பள்ளக் காட்டு லோடு போன மாசம் போச்சே. அதையும் இதே அண்டாலதான் நான் அவிச்சேன். அது மட்டும் எப்பிடிப் பாஸாச்சி?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. தாள்ல அலுமினியம்னு போட்டிருக்கு. அடுப்புல அலுமினியம் இருக்கு. இதுக்கு மேல இன்னா வேணும்?"

அடுப்பை அணைக்கச் சொன்னார்கள். பக்கத்து இரண்டு களங்களுக்கும் அவனே போன் போட்டு, அந்தம்மாவைச் சேர்க்காதீர்கள் என்று அவள் எதிரிலேயே சொன்னான். கொளஞ்சியம்மாளுக்குக் காது மடல் சுட்டது. இருபது வருசம் கூலிக்குப் போனவள், கெடுத்தவள் என்று பேர் வாங்கியதில்லை. அண்டாவைத் தலைகீழாகக் கவிழ்த்துச் சும்மாட்டின் மேல் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அடுத்த நாள் விடிந்ததும் செல்லமுத்துவின் இரண்டு காட்டுக்கும் போய் முழங்கை ஆழம் தோண்டி மண் எடுத்தாள். பள்ளக் காட்டுப் பைக்கு ஒரு முடிச்சு, மேட்டுக் காட்டுப் பைக்கு இரண்டு முடிச்சு. கச்சிராயபாளையத்தில் பஸ் ஏறி, கள்ளக்குறிச்சியில் மண் பரிசோதிக்கும் ஆபீசை நாலு பேரிடம் வழி கேட்டுக் கண்டுபிடித்தாள்.

"மண்ணு யார் பேருலம்மா?" என்றாள் மேசையில் இருந்த இலக்கியா.

"செல்லமுத்து ஐயா பேருல. அள்ளியாந்தது நானு."

பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். அந்தப் பத்து நாளும் வேலை இல்லை. அம்சவள்ளி வந்து, "பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு வுட்டுத் தொலைக்கா, அவங்களாண்ட மோத முடியுமா?" என்றாள். கொளஞ்சியம்மாள் அண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

பதினோராம் நாள் இலக்கியா தாளை எடுத்து வைத்து நிதானமாகச் சொன்னாள். "ஒரு முடிச்சு மண்ணு நல்லாக்குது. ரெண்டு முடிச்சு மண்ணு ரொம்பப் புளிச்சிப் போச்சிங்க. அலுமினியம் எல்லா மண்ணுலயும் இருக்கும், சும்மா கெடக்கும். மண்ணு புளிச்சா அது கரைஞ்சி வேருக்குப் போவும். நுனி கருகும், வேரு கட்டையாயிடும், கெழங்குலயும் ஏறும். இன்னா ஒரம் போட்டாங்க?"

"அமோனியா சல்பேட்டுங்க. கம்பெனிதான் குடுக்கும். மேட்டுல சத்து இல்லைன்னு அங்க மட்டும் மூணு பங்கு."

"அதான். மேட்டு மண்ணு ஏற்கெனவே புளிப்பு, மழைத் தண்ணி வேற இருக்குற சுண்ணாம்புச் சத்தையும் அடிச்சிக்கினு போவும். அதும் மேல இதையும் கொட்டினா? சுண்ணாம்பு போடச் சொல்லுங்க."

கொளஞ்சியம்மாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கெடுத்தது அண்டா இல்லை. தன் கை இல்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் தாளை ஒரு ஜெராக்ஸ் எடுத்து, அதை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

செல்லமுத்து தாளை இரண்டு முறை படித்தார். பிறகு வாசல் கதவைச் சாத்தினார்.

"எம்மண்ணை எடுத்துக்கினு போய்க் காட்டச் சொல்லி உனக்கு யாரு சொன்னது?"

"என் அண்டாவைக் குத்தம் சொன்னப்ப நீங்க சும்மா இருந்தீங்களே ஐயா."

அவர் குரல் இறங்கியது. "கொளஞ்சி, இதக் கேளு. மண்ணு கெட்டதுன்னு தெரிஞ்சா கம்பெனி அடுத்த போகத்துக்கு நம்ம காட்டுக்கு வராது. ஒரம்தான் காரணம்னா அந்தப் பையன் வேலை போவும், அவன் ஒத்துக்குவானா? அண்டான்னா யாருக்கும் நட்டமில்ல. மாத்திட்டோம்னு சொல்லி முடிச்சிடலாம்."

"எனக்கு நட்டமில்லையா?"

"வேலைக்கு வா. அடுப்பாண்ட வேணாம், மூட்டை தூக்கு." தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் அவள் வேலைக்குப் போனாள். களத்து வாசலில் புதுப் பலகை அடித்திருந்தார்கள்: அலுமினியப் பாத்திரங்களுக்கு அனுமதி இல்லை. உள்ளே புது எவர்சில்வர் அண்டா வெயிலில் மின்னியது. அதில் கட்டைக் கிழங்குகள் வெந்துகொண்டிருந்தன.

"கையில இன்னாம்மா? தூக்குவாளியா?" பிரவீன்குமார் வழி மறித்தான்.

"கஞ்சி சார்."

"கஞ்சியோ கூழோ, அலுமினியம் உள்ள வரக் கூடாது. வெளிய வை."

பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். கொளஞ்சியம்மாள் தூக்குவாளியை வேலிக் கம்பில் மாட்டினாள். பின்னால் லாரி ஹாரன் அடித்தது.

"தள்ளு, தள்ளு, ஒர வண்டி!" பிரவீன்குமார் கேட்டை இரண்டு பக்கமும் அகலத் திறந்தான். அதே கம்பெனி பேர் போட்ட சல்பேட்டு மூட்டைகள் அடுக்கடுக்காக உள்ளே போயின. அம்பது மூட்டை. எல்லாம் மேட்டுக் காட்டுக்கு.

அவளும் தூக்கினாள். உச்சி வெயிலில் வேலிக்கு வெளியே நின்றபடியே கஞ்சியைக் குடித்து, வாளியைக் கழுவி மறுபடியும் மாட்டினாள். சாயங்காலம் மேட்டுக் காட்டிலிருந்து இறங்கும்போது அவள் முந்தானையில் ஒரு முடிச்சு இருந்தது. வாசலைத் தாண்டியதும் அதை அவிழ்த்து, சிவப்பு மண்ணைத் தூக்குவாளிக்குள் கொட்டி மூடினாள்.

"இன்னாக்கா இது?" என்றாள் அம்சவள்ளி.

"திங்கக்கெழம கலெக்டர் ஆபீசுல மனு நாளு. தாளு எங்கிட்ட இருக்குது. அவங்க தாளை மடிச்சி வச்சிக்குவாங்க. மண்ணை எப்பிடி மடிப்பாங்க? நீ வரியா?"

அம்சவள்ளி களத்துப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "எத்தினி மணி பஸ்சு?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஏழரை."

வேலிக்கு அப்பால் மேட்டுக் காட்டில் ஆட்கள் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சால் சாலாக உரம் வெள்ளையாக விழுந்துகொண்டே வந்தது.