கொதிக்கவைத்த சாம்பிள்

“பாட்டில உள்ள இறக்கினியோ, கயித்தோட சேத்து உன்னையும் இறக்கிருவேன்!”

சங்கரலிங்கம் அண்ணாச்சி சத்தம் தெருமுக்குவரை கேட்டது. எமர்ஜென்சி முடிந்த மறுவருசம். ஊரெல்லாம் மஞ்சக்காமாலை. தண்ணீரைச் சோதிக்க சுகாதார ஆபீசிலிருந்து வந்த ஞானசெல்வி, அவர் வீட்டுக் கிணற்றடியில் அழாத குறையாக நின்றாள். எதிர்வீட்டு ஜன்னலில் நான். கீரை ஆய்கிற சாக்கு.

“அண்ணாச்சி, போன தடவ குடுத்தது கிணத்துத் தண்ணி மாதிரியே இல்ல. ஒரு பூச்சிகூட இல்ல!”

“பூச்சி இல்லன்னா சுத்தம்னு அர்த்தம். படிச்சவதான நீ?”

போன தடவை நடந்தது எனக்குத் தெரியும். ஊர் எது, எந்தச் சர்ச், அப்பா பேர் என்ன என்று மூன்றே கேள்வியில் ஞானசெல்வியின் சாதியைக் கண்டுபிடித்துவிட்டாள் அண்ணாச்சி பெண்சாதி இசக்கியம்மாள். அதற்கு லேப் எதற்கு? கிணற்றைத் தொடவிடாமல் பாட்டிலைத் தானே வாங்கி நிரப்பிக் கொடுத்தாள். ஆபீசுக்குப் போகிற தண்ணீர் மரியாதையாக இருக்க வேண்டாமா என்று கொதிக்கவைத்து, ஆறவைத்து, துணியில் வடிகட்டி! கபடம் இல்லை, என்னிடமே பெருமையாகச் சொன்னாள்.

கீழத்தெருக் கிணற்றில் ஞானசெல்வியே பாட்டிலை இறக்கினாள். அங்கே தடுக்க யார்? எங்கள் மேலத்தெரு சுத்தம், கீழத்தெரு அசுத்தம் என்று வந்தது. கீழத்தெருக் கிணற்றை மூட ஆர்டர்.

மறுபடி சோதிக்க ஞானசெல்வி வந்திருப்பது தெரிந்து, அந்தத் தெருப் பேச்சி இப்போது ஓடிவந்து அண்ணாச்சி காலில் விழுந்தாள்.

“சாமி, ரெண்டு கிணத்துக்கும் நடுவுல ஒரே சாக்கடைதான ஓடுது? ரெண்டும் கெட்டதுன்னு வந்தா எல்லாருக்கும் குழா போடுவாவளாம். இந்தம்மா ஒரே ஒரு பாட்டில் மோந்துக்கட்டும். எம்பிள்ள கண்ணு மஞ்சளாக் கெடக்கு. கிணத்தையும் மூடிட்டா எங்க போவேன்?”

“எங்க வீட்ல யாருக்குடி காமால?”

அவர் மகள் கோமதித்தாய் கண்ணும் மஞ்சள்தான். கல்யாணம் பேசுகிற வீட்டில் காமாலை வருமா? பித்தம்தான் வரும்.

ஞானசெல்வி காலிப் பாட்டிலோடு போனாள். ‘அண்ணாச்சி வீட்டுத் தண்ணியையே சந்தேகப்படுதியா?’ என்று ஆபீசிலும் ஏச்சாம். கீழத்தெருக் கிணற்றை முள் வெட்டிப் போட்டு மூடினார்கள். அந்தச் சனம் குளத்துத் தண்ணீரைக் குடித்தது.

ஆவணியில் கோமதித்தாய் வாசுதேவநல்லூருக்கு வாக்கப்பட்டுப் போனாள். அங்கே தண்ணீர் மாறியதும் பித்தம் தெளிந்துவிட்டதாம். ஞானசெல்வியை ராமநாதபுரம் பக்கம் தூக்கியடித்தார்கள். பேச்சி, எலுமிச்சங்காய் தரம்பிரிக்கிற வேலைக்குப் புளியங்குடி போனாள். ரெண்டு பிள்ளைக்காரி, பஸ் ஏறும்போது இடுப்பில் ஒன்றுதான் இருந்தது; கையைப் பிடித்து நடக்க மற்றது இல்லை.